உப்பும் ஒரு சுரப்பியும்: அயோடின் திட்டத்தின் தகுதி

இந்தியாவில் உப்பு விளைவிக்கும் மாநிலங்களைப் பட்டியலிட்டால் குஜராத்துக்கு அடுத்த வரிசையில் தமிழ்நாடு வரும். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி உப்பளங்களுடையது. 2018-19இல் இந்திய அயோடின் கணக்கெடுப்பு நடந்தது. போதிய அளவு அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் எத்தனை என்று மாநிலவாரியாகப் பார்த்தபோது, நாட்டிலேயே கடைசியாக நின்றதும் தமிழ்நாடுதான். நாட்டின் சராசரி 76.3 விழுக்காடு, நம்முடையது 61.9. உப்பு விளையாத மாநிலங்கள் எல்லாம் நம்மை முந்திவிட்டன.

தூத்துக்குடிக்கு அண்டை மாவட்டம் தென்காசி. அதன் மேற்கு விளிம்பில், திருமலைக்கோயில் மலையின் அடியில் இருக்கிறது பண்பொழி. உப்பளத்துக்கு இத்தனை அருகில் உள்ள ஊர்களில்கூட அயோடின் உப்பை உறுதிசெய்ய முடியவில்லை என்றால், குறை உப்பில் அயோடின் சேர்க்கும் திட்டத்தின் கருத்திலா, கட்டமைப்பிலா, கண்காணிப்பிலா என்று பிரித்துக் கேட்டாக வேண்டும். மொத்தமாகப் புகழ்பவர்களும் மொத்தமாகத் தூற்றுபவர்களும் தமிழில் உண்டு. பிரித்து எடை போட்டவர்கள் குறைவு.

முதல் அளவுகோல் உடலியங்கியல். ஒரு சுரப்பியின் பொருட்டு வகுக்கப்பட்ட திட்டம் அந்தச் சுரப்பியின் இயல்பை அறிந்திருக்கிறதா?

நாளமில்லாச் சுரப்பிகள் எல்லாம் ஒரே தாளத்தில் இயங்குவதில்லை. கணையத்தின் இன்சுலின் நிமிடக் கணக்கில் ஏறி இறங்கும். பாராதைராய்டு இரத்தத்தின் கால்சியத்தைத் தானே நேரடியாக உணர்ந்து தன் சுரப்பைக் கூட்டும், குறைக்கும். அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிசால் விடியலில் உயர்ந்து நள்ளிரவில் தாழும். தைராய்டு இவற்றிலெல்லாம் நிதானமானது. இரத்தத்தில் உள்ள தைராக்ஸின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். அதோடு நிற்காமல், செய்து முடித்த ஹார்மோனைத் தன் நுண்ணறைகளில் கூழ்ப்பொருளாக வாரக்கணக்கில் சேமித்தும் வைக்கும். வேறெந்த நாளமில்லாச் சுரப்பியும் இந்த அளவுக்குச் சேமிப்பதில்லை.

சேமிப்பதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற சுரப்பிகள் தம் ஹார்மோன்களை அமினோ அமிலத்திலிருந்தோ கொலஸ்டிராலிலிருந்தோ ஆக்கிக்கொள்கின்றன. அவை எந்தச் சாப்பாட்டிலும் கிடைக்கும் சரக்கு. தைராய்டுக்கு மட்டும் அயோடின் வேண்டும். டி4 எனப்படும் தைராக்ஸினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள், டி3இல் 3. அயோடினின் பெருங்களஞ்சியம் கடல். மழை ஓயாமல் கழுவும் மலைச்சரிவு மண்ணில் அது தங்குவதில்லை. உணவில் வருமா வராதா என்ற நிச்சயம் இல்லாத தனிமம் என்பதால்தான், சுரப்பி இரத்தத்திலிருந்து அதைப் பல மடங்கு செறிவாக இழுத்துக்கொள்ளத் தனியாக ஒரு பம்பையே வைத்திருக்கிறது.

ஒழுங்குமுறையின் வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டும், பிட்யூட்டரியின் டி.எஸ்.எச். தைராய்டைத் தூண்டும், தைராய்டின் ஹார்மோன் போதிய அளவில் இரத்தத்துக்கு வந்ததும் மேலே உள்ள இரண்டையும் அடக்கும். அயோடின் கிடைக்காதபோது இதே வளையம் என்ன செய்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். ஹார்மோன் குறைகிறது, டி.எஸ்.எச். உயர்கிறது. கட்டளை வந்துகொண்டே இருக்கிறது, மூலப்பொருள் வரவில்லை. சுரப்பி தன் உயிரணுக்களைப் பெருக்கி, கிடைக்கும் சிறு அயோடினையும் தவறவிடாமல் பிடிக்கப் பார்க்கிறது, கழுத்து வீங்குகிறது. முன்கழுத்துக் கழலை என்று நாம் பார்ப்பது, ஒழுங்குமுறை கெட்டதன் அடையாளத்தைவிட, அது இடைவிடாமல் உழைத்ததன் அடையாளம். கழலை கண்ணுக்குத் தெரியும் சிறு தீங்கு. பெரிய தீங்கு கருவில் நடக்கிறது. கருப்பத்தின் முதற்பாதியில் சிசு பெரும்பாலும் தாயின் தைராக்ஸினையே நம்பியிருக்கிறது. அப்போது குறைபட்டால் மூளை வளர்ச்சியில் விழும் இழப்பைப் பிறகு எந்த மாத்திரையாலும் முழுக்க மீட்க முடியாது. தடுக்கக்கூடிய மூளை வளர்ச்சிக் குறைபாட்டுக்கு உலக அளவில் முதன்மைக் காரணமாக உலக சுகாதார நிறுவனம் அயோடின் குறைவைச் சொன்னது இதனால்தான்.

இந்த உடலியங்கியலோடு வைத்துப் பார்த்தால் திட்டத்தின் அடிப்படைக் கருத்து குறையில்லாதது. அது ஹார்மோனைத் தரவில்லை. ஹார்மோனுக்கான சரக்கைத் தருகிறது. தைராக்ஸின் மாத்திரை எழுதித் தரும் மருத்துவர் சுரப்பி செய்யவேண்டிய கணக்கைத் தான் போட வேண்டியிருக்கிறது, டி.எஸ்.எச். பார்த்து அளவைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டியிருக்கிறது. அயோடின் உப்பில் அந்தக் கணக்கு உடலிடமே விடப்படுகிறது. தேவைக்கு மேல் வந்த அயோடின் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். திடீரென்று மிக அதிகமாக வந்தால் சுரப்பி தன் உற்பத்தியைச் சில நாள் நிறுத்திவைத்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். 1948இல் உல்ஃப், சைகாஃப் இருவரும் எலிகளில் காட்டிய விளைவு இது. கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே அளவில் ஒரு பொருளைக் கொடுக்க வேண்டுமென்றால், மிகுதியையும் குறைவையும் தானே சமன்செய்துகொள்ளும் உறுப்புக்குக் கொடுப்பதே பாதுகாப்பு. உப்பு, எல்லோரும் வாங்குவது, ஏறக்குறைய ஒரே அளவில் உண்பது, சில இடங்களில் மட்டும் விளைவது. இதைவிடப் பொருத்தமான வாகனத்தை நான் யோசித்துப் பார்த்தும் காணவில்லை.

இரண்டாவது அளவுகோல், சான்று. இந்தியா இதில் முன்னோடி நாடுகளில் ஒன்று என்பது தமிழ்ப் பொதுவெளியில் போதிய அளவு பேசப்படவில்லை. வி. ராமலிங்கசாமியும் அவர் குழுவினரும் 1956இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, வகுப்பறைக்கு எடுத்துச் செல்லத்தக்க ஒழுங்கு உடையது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதியை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு அயோடைடு கலந்த உப்பு, இன்னொன்றுக்கு அயோடேட் கலந்த உப்பு, நடுவில் ஒன்றுக்கு வெறும் உப்பு. சில ஆண்டுகளில், அயோடின் சேர்ந்த இரண்டிலும் கழலை பெருமளவு குறைந்தது. வெறும் உப்பு வட்டாரத்தில் அப்படியே நின்றது. பின்னர் அங்கேயும் அயோடின் உப்பைக் கொடுத்தார்கள், அங்கேயும் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவே பிற்பாடு சிகிச்சைக் குழுவாக மாறியதால், ஒரே ஊர் தனக்கே சான்றாக நின்றது. ஆய்வு முறையின் அழகு என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். கழலை இருப்பது தெரிந்தும் ஒரு வட்டாரத்தைச் சில ஆண்டுகள் காத்திருக்க வைத்தது இன்றைய நெறிமுறைக் குழு முன் எளிதில் நிற்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. இமயமலை அடிவாரத்தின் நோய் என்ற எண்ணத்தில் அதை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். சமவெளியிலும் கடற்கரை மாநிலங்களிலும் கழலை மாவட்டங்கள் இருப்பது பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்து, எல்லோருக்கும் அயோடின் உப்பு என்ற கொள்கை 1980களில்தான் உருவாயிற்று. இருபது ஆண்டுத் தாமதம். கருத்தின் பிழையல்ல, பார்வையின் குறுகல்.

இனி அளவு. திட்டத்தின் விதிப்படி உற்பத்தி இடத்தில் உப்பில் குறைந்தது 30 பி.பி.எம். அயோடின் இருக்க வேண்டும். கடையிலும் வீட்டிலும் குறைந்தது 15. அதாவது ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம். நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு சாப்பிடுபவருக்கு 150 மைக்ரோகிராம். வயதுவந்தவரின் தேவை சரியாக அதுவே. கணக்கு நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் அது நிற்கும் தூண் அந்த 10 கிராம். இரத்த அழுத்தத்துக்காக 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்வதும் அதே சுகாதாரத் துறைதான். சொன்னபடி கேட்பவர் வீட்டு உப்பில் 15 பி.பி.எம். மட்டும் இருந்தால் அவருக்குக் கிடைப்பது 75 மைக்ரோகிராம். கருவுற்ற பெண்ணின் தேவையோ 250. இரண்டு அறிவுரைகளும் தனித்தனியே சரி; ஒன்றாகப் பின்பற்றினால் ஒன்றையொன்று வெட்டும். இதற்கு விடை இல்லாமலும் இல்லை. உப்பு குறையக் குறைய அயோடினைக் கூட்ட வேண்டும். 10 கிராம் உண்பவர்களுக்கு கிலோவுக்கு 20 மில்லிகிராம், 5 கிராம் உண்பவர்களுக்கு 39 என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அட்டவணையே போட்டுத் தந்திருக்கிறது. மக்கள் எவ்வளவு உப்பு உண்கிறார்கள் என்று அவ்வப்போது அளந்து, அதற்கேற்ப விதியைத் திருத்துகிற பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

அடுத்து, உற்பத்தி இடத்திலிருந்து அடுப்படி வரையுள்ள வழி. திட்டம் தோற்கும் இடம் இது. பண்பொழி போன்ற ஊர்களில் அது கண்முன் தெரியும்.

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்கத் தொடங்கினால் குற்றாலத்தில் சீசன். அருவிக்கு வருகிறவர்கள் கொண்டாடும் அந்தச் சாரல், அடுப்படியில் உப்பு ஜாடிக்குள்ளும் நுழைகிறது. கல் உப்பு கசிந்து அடியில் நீர் விடும். அயோடேட் நீரில் கரையும் உப்பு. ஈரம் சேரச் சேர அது மூட்டையின் அடிக்கு இறங்கும், சாக்கின் வழியே கசிந்தும் போகும். கல் உப்பு மூட்டைகளைப் பலசரக்குக் கடைக்காரர்கள் இரவிலும் வாசலிலேயே விட்டுவைப்பது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம். உப்பைத் திருடுபவர் இல்லை என்ற நம்பிக்கையும், உள்ளே வைத்தால் தரை நனையும் என்ற தொல்லையும் அதற்குக் காரணம். அந்த மூட்டை வெயிலும் சாரலும் பட்டுத்தான் விற்றுத் தீர்கிறது. தூள் உப்பு ஒரு கிலோ பாக்கெட்டில் அடைபட்டு வருகிறது; மூட்டையில் விற்கும் கல் உப்பில் பாதுகாப்பான அடைப்பு கிடையாது, பலவற்றில் சரியான கலப்பே கிடையாது. பெரிய ஆலையில் ஓடும் பட்டையின் மேல் கரைசல் சீராகத் தெளிக்கப்படுகிறது. பரு உப்பின் கற்களில் கைத்தெளிப்பால் அந்தச் சீர்மை வருவது கடினம். குழம்புக்கும் சோற்றுக்கும் ஊறுகாய்க்கும் கல் உப்பே ருசி என்று கருதும் ஒரு சமையல் மரபில், திட்டம் தூள் உப்பை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டிருக்கிறது. இதை மக்களின் அறியாமை என்று சொல்லித் தள்ளுவது நேர்மையாகாது. மக்கள் உண்ணும் உப்பு எது என்று பார்த்துத் திட்டத்தை வகுப்பது வகுப்பவர்களின் வேலை. அரசின் கையில் இதற்கு வழியும் இருந்தது: 1974 முதல் தமிழ்நாடு உப்புக் கழகம் இருக்கிறது, வாலிநோக்கத்தில் அதற்குச் சொந்த உப்பளம் இருக்கிறது. அயோடின் உப்பை அது விற்றும் வருகிறது. சந்தையின் தரத்தையே நிர்ணயிக்கும் அளவுக்கு அது வளரவில்லை.

அளக்கும் கருவியையும் சோதித்தாக வேண்டும். வீடுவீடாகப் போகும் பணியாளரிடம் ஒரு சிறு குப்பி இருக்கும். ஒரு கரண்டி உப்பைத் தட்டி, அதன் மேல் இரண்டு துளி விட்டால், அயோடின் இருந்தால் ஊதா நிறம் பரவும். நிறத்தின் அடர்த்தியைக் கையிலுள்ள வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவு குறித்துக்கொள்வார்கள். இல்லை, இருக்கிறது என்று சொல்ல இது நல்ல கருவி. 12ஆ, 17ஆ என்று சொல்ல இதற்குத் திறன் போதாது; அதற்கு ஆய்வகத்தில் தரம்பார்த்தல் வேண்டும். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இந்த முறையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 83 விழுக்காடு வீடுகளில் அயோடின் உப்பு என்றது. மூன்று ஆண்டு கழித்து அளவைச் சரியாகக் கேட்ட கணக்கெடுப்பு 62 என்றது. இடையில் மக்கள் மாறிவிடவில்லை, கேள்விதான் மாறியது. முதல் எண்ணை மேடையில் சொல்லிப் பெருமைப்படலாம். திறனாய்வாளருக்கு இரண்டாவதே ஏற்கத்தக்கது.

சட்டத்தின் தடுமாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். அயோடின் சேராத உப்பை உண்ண விற்கக் கூடாது என்ற நாடு தழுவிய தடை 1998இல் நடைமுறைக்கு வந்தது. தனிமனிதரின் தேர்வுரிமையைக் காரணம் காட்டி 2000இல் விலக்கப்பட்டது. 2006இல் திரும்பி வந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம், சாதாரண உப்பு உடலுக்குக் கேடு என்று நிறுவப்படாத நிலையில் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் அந்தத் தடை செல்லாது என்றது; மாற்று ஏற்பாட்டுக்கு அவகாசமும் தந்தது. இன்று உணவுப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தடை தொடர்கிறது. உரிமை வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இதில் தேர்வு செய்பவர் தாய், விளைவை ஏற்பது கருவில் உள்ள குழந்தை. தேர்வுரிமை என்ற வாதம் அந்த இடத்தில் வலுவிழக்கிறது.

எதிர்ப்பாளர்களின் வாதத்துக்கு வருவோம். அயோடின் உப்பு வந்த பிறகுதான் தைராய்டு நோய் பெருகியது என்று இயற்கை உணவு வட்டாரங்களில் சொல்கிறார்கள். இந்துப்புக்கு மாறச் சொல்கிறார்கள். இதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. 2013இல் வெளியான எட்டு நகர ஆய்வில், சென்னையும் அதில் ஒன்று, 5,376 பேரில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டுக் குறைவு இருந்தது; ஐந்தில் ஒருவருக்கு மேல் சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தது. அயோடின் வரத்து உயரும் சமூகங்களில் இத்தகைய தன்னுடல் தாக்குதல் ஓரளவு கூடுவதும் உண்மை. டென்மார்க் 2000இல் கட்டாயமாக்கியபோது மிகைச்சுரப்பு சில ஆண்டு உயர்ந்து பிறகு முன்பிருந்த அளவுக்கும் கீழே போயிற்று. குறைச்சுரப்பு ஓரளவு கூடியது. அவர்கள் அதை முன்கூட்டியே எதிர்பார்த்து, பதிவேடு வைத்து அளந்தார்கள், வெளியிட்டார்கள்.

இந்த உண்மையிலிருந்து எதிர்ப்பாளர்கள் எடுக்கும் முடிவுதான் பிழை. தைராய்டுக் குறைவுக்குத் தினம் ஒரு மாத்திரை மருந்தாகிறது. கருவில் இழந்த மூளை வளர்ச்சிக்கு மருந்து இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. பாக்கெட்டில் வரும் இந்துப்பில் அயோடின் தனியே சேர்க்கப்படாவிட்டால் அது கருவுற்ற பெண்ணின் சமையலுக்கு உகந்ததல்ல. கேரள எல்லை என்பதால் இந்தப் பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கும் உணவில் உண்டு. அதிலுள்ள சயனைடு சார்ந்த பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறி, சுரப்பியின் அயோடின் பம்போடு போட்டியிடும். அயோடின் போதிய அளவு வந்தால் அந்தப் போட்டியில் சுரப்பி வெல்லும், வராவிட்டால் தோற்கும். கிழங்கை விலக்கச் சொல்வதைவிட உப்பைச் சரிசெய்வது எளிது. ஆனால் எதிர்ப்பாளர்களுக்கு இடம் கொடுத்தது திட்டத்தின் மௌனம். அயோடின் உயர்ந்தால் சிலருக்கு என்ன நேரலாம், ஏன் அதை ஏற்கலாம் என்று அரசு விளம்பரங்கள் மக்களிடம் திறந்து பேசவில்லை. பெரியவர்களாக மதித்துச் சொல்லியிருந்தால் வதந்திக்கு இவ்வளவு செல்வாக்கு வந்திருக்காது.

எல்லாவற்றிலும் பெரிய குறை கடைசியில் வருகிறது. தைராய்டின் ஒழுங்குமுறை சிறப்பது, அது தன் விளைவைத் தானே உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்வதால். அதன் பொருட்டு நடக்கும் திட்டத்துக்கு அந்த உணர்கருவி இல்லை. கழலைக் கணக்கு பல ஆண்டு முந்தைய நிலையையே காட்டும், ஏனெனில் வீங்கிய சுரப்பி சுருங்க ஆண்டுகள் ஆகும். வீட்டு உப்பு உடலுக்குள் போனதைக் காட்டாது. சிறுநீர் அயோடினே சரியான அளவு. 2018-19இல் பார்த்தார்கள், பெண்களின் நடு மதிப்பு லிட்டருக்கு 170 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், நாடு தழுவிய அளவில் போதுமானது. கருவுற்றவர்களுக்கு 150 முதல் 249 வரை வேண்டும் என்பதால், இதுவே மாவட்டவாரியாகக் கருவுற்றவர்களிடம் தொடர்ந்து அளக்கப்பட்டால் மட்டுமே தென்காசி போன்ற மாவட்டத்துக்குப் பயன். நாட்டுச் சராசரி அடிவாரத்து ஊரின் நிலையைச் சொல்லாது.

ஆகவே என் தீர்ப்பு: கருத்தில் முதல் தரம், சான்றில் முதல் தரம், அளவு விதியில் பழையதாகிவிட்டது, தமிழ்நாட்டில் வழங்கலில் தேர்ச்சி பெறவில்லை, பின்னூட்டத்தில் தேர்வே எழுதவில்லை. கைவிட வேண்டிய திட்டமல்ல, முடிக்கப்படாத திட்டம்.

அந்தக் கடைசிக் குறைக்கு மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்ப்பது, பிறவித் தைராய்டுக் குறைவைக் கண்டுபிடிக்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பல மைய ஆய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தார்கள்: 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை, சென்னையில் 727இல் ஒன்றுக்கு. இவற்றில் பல சுரப்பி சரியாக உருவாகாததாலோ மரபுக் குறையாலோ வருபவை, அயோடினால் அல்ல. அதைக் கலந்து பேசக் கூடாது. முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் தொடங்கினால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும் என்பதே இந்தப் பரிசோதனையை எங்கும் கட்டாயமாக்கப் போதிய காரணம். ஆனால் அதே துளி வேறொன்றையும் சொல்லும். நல்ல ஆய்வகத்தில், பிறந்து மூன்று நாள் கழித்து எடுத்த மாதிரிகளில், டி.எஸ்.எச். 5க்கு மேல் உள்ள குழந்தைகள் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவாக இருந்தால் அந்த மக்கள்தொகையில் அயோடின் போதும், கூடினால் போதாது. இது உலக சுகாதார நிறுவனம் ஏற்ற குறியீடு. மலைக்கு அப்பால் கேரளம் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனையை நடத்துகிறது. தென்காசி மாவட்டத்திலும் பிரசவங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் டி.எஸ்.எச். எண்ணையும் மாதந்தோறும் தொகுத்து, அந்த மாவட்டத்துக்கு உப்பு வழங்குபவர்களுக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பினால், எந்த வட்டாரத்து உப்பு குறைபட்டது என்பது அடுத்த கணக்கெடுப்புக்குக் காத்திராமல் அந்த ஆண்டே தெரிந்துவிடும்.